கிராம்பு எண்ணெயில் ஒரு முகம்

பட்டறை,
பத்தாம் தேதி

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப்போவதில்லை, அதனால் கேட்கவில்லை. எட்டு மாதமாகப் போனை எடுக்காதவன் கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் நாற்காலி அப்படியே இருக்கிறது. முதலாளி ஒரு நாள் தன் பையை அதில் வைத்தார். நான் பார்த்த பார்வையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரே மேஜையில் உட்கார்ந்து விரல் உயரப் பொம்மைகளுக்கு நாம் வண்ணம் தீட்டிய பதினோரு வருஷமும் ஒரே சண்டைதானே? உனக்கு அக்ரிலிக். பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், அடுத்த வேலையைப் பார்க்கலாம். எனக்கு எண்ணெய் வண்ணம். நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், கன்னத்து நிழலை மெல்ல இழுத்துக் கழுத்தோடு சேர்க்கலாம். "உன் பொம்மை காயறதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான்க்கா" என்பாய். கடைசியில் உடுப்பு உனக்கு, முகம் எனக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தது உன் மனைவிதான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டோம்.

இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு தையல் ஆலையின் மாதிரி. ஆம், அதே ஆலைதான். தீயில் போன முப்பத்தொரு பேரும் அவரவர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது போலச் செய்து, தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்கள். முதலாளி என்னிடம் கேட்கத் தயங்கினார். நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் மனைவியை வேறு யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இறந்தவர்களின் வீட்டார் ஒவ்வொருவராகப் போட்டோவோடு வருகிறார்கள். ஒரு அம்மா, "சிரிக்கிற மாதிரி போட்டுடாதீங்க, வேலைன்னு உக்காந்தா எம்பொண்ணு சிரிக்கவே மாட்டா" என்றார். இன்னொருவர், மனைவியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கும், மறந்துவிடாதீர்கள் என்று மூன்று தடவை திரும்பி வந்து சொன்னார். ஊசிமுனை அளவு நூல். வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

முப்பது முகம் முடிந்துவிட்டது. அவளுடையது மட்டும் வரவில்லை.

நாலு தடவை தீட்டி நாலு தடவையும் துடைத்தேன். ஐந்தாவது தடவை அரைகுறையாக நிற்கும்போது முதலாளி வந்து, "எண்ணெய் காயற வரைக்கும் சங்கத்துக்காரங்க காத்திருக்க மாட்டாங்கம்மா, தம்பியோட பெயிண்ட்லயே முடிச்சிடுங்க" என்றார். வந்த கோபத்தில் உன் டப்பாவைத் திறந்தேன். நீ கலந்துவைத்த தோல் நிறம், மூடியில் உன் கையெழுத்து. முகத்தில் நான் ஏற்கனவே தீட்டியிருந்த எண்ணெய் வண்ணம் இன்னும் ஈரம் என்று எனக்குத் தெரியும். ஈர எண்ணெய்மேல் அக்ரிலிக் பிடிக்காது என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே கத்துகிறவள் நான். தெரிந்தும் பூசினேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் கன்னம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நெற்றியில் தோல் சுருண்டு உரிந்து நின்றது.

தம்பி, ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி நான் பார்த்த முகம் அதுதான். விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பை வைத்துத்தான் அவள் என்று சொன்னேன். நீ வெளியூரிலிருந்து ஓடிவந்தபோது கதவை மூடிவிட்டு மறித்து நின்றேன். "தூங்கற மாதிரிதான் இருக்கா, நீ பாக்க வேணாம்" என்றேன். அது பொய். தூங்குகிற மாதிரி இருந்தால் ஏன் தடுக்கிறாய் என்று நீ கேட்டது நியாயம்தான். "கடைசியா ஒரு தடவ பாக்க விடலையே, நீயெல்லாம் ஒரு அக்காவா" என்றாய். வாங்கிக்கொண்டேன். அந்த முகம் உனக்கு வேண்டாம், என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

போகவில்லை. தூரிகையை எடுத்தாலே அதுதான் வருகிறது. பத்து வருஷம் தினமும் பார்த்த முகத்தை என் கண் தொலைத்துவிட்டது. போட்டோவைப் பார்க்கலாமே என்பாய். என்னிடம் இருக்கும் ஒரே போட்டோவில் அந்தக் கூச்சக்காரி எல்லோருக்கும் பின்னால் ஒளிந்து பாதி முகம்தான் காட்டுகிறாள். மற்றதெல்லாம் உன் போனில் இருக்கிறது.

உரிந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி எண்ணெயிலேயே போட்டிருக்கிறேன். சீக்கிரம் காயக் கூடாது என்று ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் கலந்தேன். "பல்வலிக்காரன் வாய் மாதிரி நாறுதுக்கா" என்று மூக்கைப் பிடிப்பாயே, அந்த வாசனைதான் இப்போது பட்டறை முழுக்க. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும். இன்னும் பத்து நாள் அவள் முகம் ஈரமாகவே இருக்கும். புருவமும் உதடும் உத்தேசமாகத்தான் வைத்திருக்கிறேன். நீ உட்கார்ந்து, "மூக்கு இப்படி இல்லக்கா" என்று சொன்னால் போதும், துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன். நூறு தடவை சொன்னாலும் வைப்பேன்.

அவள் உடுப்பை நான் தொடவில்லை. அது உன் பங்கு. அன்று காலை அவளை ஆலை வாசலில் இறக்கிவிட்டுத்தானே நீ வெளியூர் கிளம்பினாய். என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்பது உனக்குத்தான் தெரியும்.

இருபதாம் தேதி காலை கண்ணாடிக்காரர் வந்து பெட்டியை ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு திறக்க முடியாது.

என்னோடு பேச வேண்டாம். திட்டத் தோன்றினால் திட்டு. வெறும் வயிற்றோடு மட்டும் புறப்படாதே. ஒரு தடவை உன் முன்னால் கதவை மூடியவள் நான். கண்ணாடியை மூடுவதற்குள் வந்து அவளைப் பார்த்துவிடு, கண்ணு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டத் தெரியாத

உன் அக்கா