பை நின்றால் ஆள் நின்ற மாதிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று கவரைப் பார்த்ததுமே நீ பயந்திருப்பாய். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை நூற்றைம்பதில் நிற்கிறது, கால் வீக்கம் வடிந்துவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதிய கை. ஆடாத மேஜையில் எழுத இன்னும் பழகவில்லை.

வீடு அப்படியேதான் இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிவதை மட்டும் நிறுத்தத் தெரியவில்லை. உன் அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே சரியான நேரத்தில் அணைப்பாள். நான் எதிரில் நின்று முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆனாலும் பொங்கிவிடுகிறது. அவளுடைய அலமாரியை இன்னும் திறக்கவில்லை. நீ வந்து திறப்பாய் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நம் மாடிப்படியை ஒட்டி இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களும் தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குச் சொல்வதில்லை. மத்தியானம் கதவைத் திறந்தால் வாசலில் தூக்கு இருக்கும். சாப்பிட்டுக் கழுவி அதே இடத்தில் வைத்தால் சாயங்காலம் அது போய்விடும். நன்றி என்று சொல்லக்கூட ஆள் கிடைப்பதில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் மட்டும் ஒரு நாள் இந்த வாரம் யார் என்று கேட்டுப் பார்த்தேன். “சாப்பிடறவருக்கு அதெல்லாம் எதுக்குங்க” என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, அம்மாடி. ருசியில் குறை இல்லை. அவர்களுக்கு நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாது, அதனால்தான்.

சரி. சுற்றி வளைத்தது போதும். நாலு தடவை போனில் இதைச் சொல்லப் பார்த்தேன். நீ “மாத்திரை போட்டீங்களாப்பா” என்று கேட்பாய், போட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால் காகிதத்தில் சொல்கிறேன். நீ மருத்துவமனைமீது கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும். அந்த நர்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை.

உடனே கோபப்படாதே, முழுக்கப் படி.

அந்த மருத்துவமனை வராந்தாவில் பை வைத்து இடம் பிடிக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். நீ வந்தபோது பார்த்துச் சிரித்தாய். அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. கதவு திறப்பது எட்டு மணிக்கு. ஜனம் ஐந்தரைக்கே வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரிசையில் நின்றபடியே ஒரு வயசான அம்மா மயங்கி விழுந்தார். அன்றைக்கு நான்தான் சொன்னேன், ஆள் நிற்க வேண்டாம், ஆளுக்கு ஒரு பொருள் நிற்கட்டும் என்று. அதிலிருந்து பைகள், தண்ணீர் பாட்டில்கள், குடைகள். இருமல்காரர் ஒருவர் அரைச் செங்கல்லைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார். பின்னால் இருப்பவர் முன்னால் இருக்கிற பொருளைக் கையால் நகர்த்த வேண்டும், காலால் தள்ளக் கூடாது. பையைத் திறந்து பார்க்கக் கூடாது. எல்லாம் நான் போட்ட சட்டம். புதிதாக வந்தவர்கள் யாராவது “ஆளே இல்லையே” என்று முன்னால் நுழையப் பார்த்தால் நான் விடமாட்டேன். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி என்பேன். பென்ஷன் வாங்கின பிறகும் என்னைக் கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

உன் அம்மாவுக்கு நாலு நாளாக மூச்சு வாங்கியது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நீ அங்கே தூங்க மாட்டாய் என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் இருவருமாகப் போனோம். வழியில், “உடம்பு என்னவோ மாதிரி இருக்குங்க. முன்னாடியே கேட்டு ஒரு தடவை காட்டிடலாமா” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் வரிசை வரிசைன்னு கத்திட்டு, என் பொண்டாட்டியை மட்டும் முன்னாடி தள்ளினா என் மூஞ்சியை எங்க வச்சுக்கறது என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “சரிங்க கண்டக்டர் சார்” என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் பத்தொன்பதாவது, நான் இருபதாவது. பழுப்புத் துணிப்பையை வைத்துவிட்டு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் சிமெண்டு பெஞ்சில் காற்றாட உட்காரப் போனாள். முறை வந்ததும் ஒரு குரல் கொடுக்கச் சொன்னாள். எட்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தேன். கையை அசைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

ஒன்பதரைக்கு அந்த நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பையின் முன்னால் நின்றாள். அம்மா எங்கே என்று கேட்டாள். பின்னாலே உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். “காலைல உள்ளே வரும்போதே பாத்தேன், முகமே சரியில்லை. கூட்டிட்டு வாங்க ஐயா, முதல்ல பாத்துடலாம்” என்றாள். எங்கள் முறை வரட்டும் என்றேன். அவள் விடவில்லை. அப்படியானால் தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் அவளை மறித்தேன். “நீங்க போயிட்டா இங்க நாப்பது பேரு காத்துக் கிடக்கணும். அதான் பை நிக்குதில்ல, ஆள் எங்கயும் ஓடிப்போயிடல. உங்க வேலையைப் பாருங்கம்மா” என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு என் கையில் பட்டையைச் சுற்றினாள். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது.

நீ ரத்த அழுத்தப் பதிவேட்டில் பார்த்தாயே, பத்தொன்பதாவது வரி காலியாக இருக்கிறது என்று? அது அப்படித்தான் காலியானது.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பையை நான்தான் நகர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் குனிந்து, கைப்பிடி மடங்காமல், பக்குவமாக நகர்த்தினேன். நடுவில் ஒருவர் நுழையப் பார்த்தார், அவரோடு சண்டையும் போட்டேன். பை டாக்டர் அறை வாசலுக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். ஒரு குரல் கொடுத்தேன். வரவில்லை. போனேன். தொட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள், ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது. நான் அவளைத் திட்டினேன், கண்ணு. “இங்க நான் ஊரோட மல்லுக்கு நிக்கறேன், நீ இங்க தூங்கிட்டு இருக்கியா” என்று கேட்டேன். என் பெண்டாட்டியிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். அது அவள் காதில் விழுந்திருக்காது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

உயிர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். கணக்கு எனக்கு வராதா? ஒன்பதரைக்கு அவள் இருந்திருக்கிறாள். பத்தடி தூரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். ஒன்பதரைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு ஒரு நாள் போய்க் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

நீ வந்தாய். அழுதாய். ஆறாம் நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புகார் எழுதினாய். கையில் கருவியை வைத்துக்கொண்டே எங்கம்மாவைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்று எழுதினாய். எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். பேனா எடுத்துக் கொடுத்தவன் நான். அன்றைக்கு என்ன தேதி என்று நீ கேட்டபோது சொன்னவனும் நான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு ஆத்திரப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது நானாக இல்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது அந்தப் பெண்ணை வார்டுக்குள் விடுவதில்லை. பஞ்சும் துணியும் அடுக்கி வைக்கிற அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டாம் தேதி விசாரணை. வேலை போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். முதல் விசாரணையில் என்ன சொன்னாள் என்று கேட்டேன். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரையே எடுக்கவில்லை. நேரே அந்த அறைக்குப் போய், ஏம்மா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பஞ்சுச் சுருளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இந்த வேலை போனா இன்னொரு வேலை தேடிக்குவேன் ஐயா. உங்களுக்கு இருக்கறது ஒரு பொண்ணு. அதுவும் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அன்றைக்குத்தான் நான் அழுதேன். உன் அம்மாவை எடுத்தபோதுகூட அப்படி அழவில்லை. அந்தப் பெண் ஒரு கட்டுப் பஞ்சைப் பிரித்துக் கொடுத்தாள், மூக்கைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். அரசாங்கப் பஞ்சை வீணாக்காதே என்றேன். இருவரும் கொஞ்சம் சிரித்துவிட்டோம்.

வராந்தாவில் இப்போது யாரும் பை வைப்பதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தானாக நின்றுவிட்டது. முட்டிவலிக்காரர்கள் எல்லாம் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். போன வாரம் பார்த்தேன், இருமல்காரர் அந்தச் செங்கல்லைக் கையில் பிடித்தபடியே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் விலகி, முன்னால் போகச் சொன்னார்கள். நான் மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். புகார் மகள் பெயரில் இருக்கிறது, அவர்கள்தான் திரும்பப் பெற முடியும், நீங்கள் வேண்டுமானால் அன்றைக்கு வந்து வாக்குமூலம் கொடுங்கள் என்றார்கள். கொடுப்பேன். நீ திரும்பப் பெற்றாலும் பெறாவிட்டாலும் நாற்பது பேர் முன்னால் என்ன சொன்னேனோ அதை அப்படியே சொல்வேன். ஆனால் யாரோ ஒரு அதிகாரி அனுப்புகிற காகிதத்தில் நீ இதைப் படிக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை ஆரம்பித்து அடித்துவிட்டேன். அதை நான் கேட்கக் கூடாது. மன்னிக்க வேண்டியவள் போய்விட்டாள். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். சின்னவனிடம் தாத்தாவைப் பற்றி என்ன சொல்வாயோ, அது உன் இஷ்டம். வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மா மாதிரி உடம்பில் எதையும் மறைத்து வைக்காதே. மூச்சு வாங்கினால் எந்த வரிசையிலும் நிற்காதே, யார் என்ன சொன்னாலும் இடித்துக்கொண்டு முன்னால் போ. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்காக மட்டும் உன் காலில் விழுந்து கேட்கிறேன். இருபத்திரண்டாம் தேதிக்குள் இரண்டு வரி எழுதி அனுப்பு. ஏன் திரும்பப் பெறுகிறீர்கள் என்று கேட்பார்கள். எதையும் ஒளிக்காதே. நர்ஸ் பாக்கப் போனாங்க, எங்கப்பாதான் மறிச்சாரு என்று சொல். அந்த ‘எங்கப்பா’வை மட்டும் விட்டுவிடாதே, அம்மாடி.

இப்படிக்கு,
அப்பா