தனியே வடித்த சாமை

அண்ணனுக்கு,

இன்று மத்தியானம் எதிர்வீட்டு எமிலி டீச்சர் ஒரு கிண்ணத்தில் கோழி சூப் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் வறுத்த தானியத்தின் வாசனை எழுந்தது. உள்ளே சாமை. நான் ஆக்கும் சாமையைப் போல் கூழாகக் கிடக்கவில்லை. தெளிந்த சூப்பின் அடியில் மணிமணியாக, கரண்டி பட்டால் விலகி ஓடும்படி கிடந்தது. நீங்கள் உயிரையே வைத்திருந்த சின்ன மெக்ரோனி சூப்பில் எப்படிக் கிடக்குமோ, அப்படி.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணன் சொல்லிக்குடுத்ததுதாங்க," என்றார்.

அவருடைய கணவருக்கு நீரிழிவு, சீனி வருத்தம், என்று தெரிந்தபோது, நீங்களே அவர்கள் குசினியில் போய் நின்று செய்து காட்டினீர்களாம். இறந்தவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். அந்த வழக்கத்துக்கு இந்தக் கடிதத்தில் நான் கட்டுப்படப் போவதில்லை.

பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் முப்பது வருடம் சமைத்துவிட்டு, சீனி வருத்தத்தால் காலில் ஆறாத புண்ணோடு பதுளைக்கு, என் வீட்டுக்கு வந்தீர்கள். பாண், வெள்ளை மா, மெக்ரோனி மூன்றையும் குறைக்காவிட்டால் கால் தங்காது என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். நீங்களும் கேட்டுத் தலையாட்டினீர்கள். அன்றே வீட்டிலிருந்த மெக்ரோனியை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாளிலிருந்து சூப்பில் சாமை, இல்லாவிட்டால் பார்லி.

தானியத்தை சூப் சட்டியிலேயே போட்டுக் கொதிக்கவைப்பேன். சூப்பை எல்லாம் அது குடித்துவிடும். மேசைக்கு வரும்போது கஞ்சி, ஆறினால் கட்டி. நீங்கள் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்பீர்கள். அது அசையாது.

"லோயர் தொரை, எலெக்ஷன் வருதுல்ல, இந்தப் பசைய வச்சு போஸ்டர் ஒட்டலாம்."

"சாப்பிடுங்க அண்ணே. கால் போயிரும்."

"மடுல்சீம தோட்டத்து லயத்துல அம்மா ஊத்துன கஞ்சிக்குப் பயந்துதான்டா நான் ஹோட்டலுக்கே ஓடுனேன். அதையே சூப்புன்னு பேர் வச்சு மறுபடி ஊத்துறியா?"

கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போவீர்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நீங்கள் மெக்ரோனி சாப்பிட்டதை நான் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் உடுத்திய சாரத்தில் சிந்தியிருந்த குழம்பைப் பார்த்திருக்கிறேன்.

வேறு வழி தெரியாமல் ஒரு தாளில் எழுதினேன்: வாரத்தில் ஐந்து நாள் சாமை அல்லது பார்லி, இரண்டு நாள் உங்கள் விருப்பம். "சாட்சி யாரு, பூனையா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். மூன்றாம் நாளே சாரத்தில் குழம்பு.

முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. பிறகு புண்ணின் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அதற்குப் பின் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இத்தனை நாளும் அதை உங்கள் நாக்கின் பலவீனம் என்றே எண்ணி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இன்று டீச்சர் உங்கள் முறையை விவரித்தார். சாமையை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். நிறைய உப்புத் தண்ணீரில் தனியே வேகவைத்து, குழைவதற்கு முன்பே வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். பரிமாறும்போதுதான் அதைக் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்ற வேண்டும். பார்லியும் அப்படித்தான், வறுப்பதற்குப் பதில் ஊறவைக்க வேண்டும், வேக நேரம் கூடுதலாகும். தனியே வேகவைத்து வடித்து, கடைசியில் சேர்ப்பது: ஹோட்டலில் நீங்கள் முப்பது வருடம் மெக்ரோனிக்குச் செய்ததும் அதுதான்.

இதை அண்ணன் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று டீச்சரிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேங்க. 'தம்பிக்கு மட்டும் சொல்லிறாதீங்க டீச்சர். இது நல்லா வரும்னு தெரிஞ்சா எனக்கு மெக்ரோனி அடியோட நின்னுரும்'னாரு. வெளயாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒன்றும் கூட்டவில்லை. தெரியாமல் செய்த பிழைக்கு இரக்கம் காட்டலாம். உங்களுக்குத் தெரிந்திருந்தது. அடுப்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் சாமையைக் குழைய விடுவதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது கெட்டுப்போவதில் உங்களுக்கு லாபம் இருந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி சாப்பிட்டு வருகிற டீச்சரின் கணவர் இன்று காலையிலும் இரண்டு காலால் என் வாசலைக் கடந்து மேட்டில் ஏறிப் போனார்.

கிண்ணத்தைத் திருப்பி வாங்கும்போது டீச்சர் என்னிடமும் ஒன்று கேட்டார். "நீங்க அவர்ட்ட ஒரு தடவகூடக் கேக்கலீங்களா?"

கேட்கவில்லை. நீதிமன்றத்தில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன், வீட்டிலிருந்த சமையல்காரரிடம், இது ஏன் குழைகிறது என்று கேட்கவில்லை. சட்டம் படித்தவன் உங்களிடம் போய் அடுப்படிப் பாடம் கேட்பதா என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். அது என் பங்கு. அதை ஒப்புக்கொள்வதால் உங்கள் பங்கில் ஒரு மணியும் குறையாது.

சாயங்காலம் நானே செய்து பார்த்தேன். முதல் ஈடு குழைந்தது. இரண்டாவது உதிரியாக வந்தது. நீங்கள் இருந்திருந்தால் உப்புப் போதாது என்றிருப்பீர்கள். கிண்ணத்தைத் தள்ளியிருக்கமாட்டீர்கள்.

போன மாதம் எனக்கும் சீனி எல்லையில் நிற்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் காலுக்கு உதவாத உங்கள் கைப்பழக்கத்தைக் கொண்டுதான் இனி என் காலை நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கடமைப்பட்டவனாகவே நிற்க வேண்டும். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அண்ணே.