புரிஞ்சுதான்னு கேட்காத மேசை

முக்கிய அறிவிப்பு. அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில், பல்லுப்போன சீப்புக்கும் ஜோடி தொலைந்த கம்மலுக்கும் நடுவே நெடுங்காலம் வாழ்ந்துவந்த உன் சிவப்பு நகப்பூச்சு, நேற்றுக் காலை கடைசிச் சொட்டும் தீர்ந்து நம்மைவிட்டுப் பிரிந்தது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். உன் விரலில் இருந்திருந்தால் ஒரு கல்யாணத்துக்கு மினுக்கியிருக்கும், அவ்வளவுதான். இங்கே ஊர்க் குழந்தைகளின் காய்ச்சலோடு சண்டை போட்டு வீரமரணம் அடைந்திருக்கிறது. எப்படி என்று கீழே வருகிறது. திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

அன்புள்ள மகளுக்கு, அதாவது என் அன்புள்ள அக்காவுக்கு, இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் மாமாவும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, குட்டிக்குப் புதுப் பல் வந்ததா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள். கடிதம் அம்மாவுடையது, கை மட்டும்தான் என்னுடையது. வார்டில் நாள் முழுக்க எழுதி எழுதி அம்மாவுடைய எழுத்து மருந்தகத்து அண்ணனைத் தவிர யாருக்கும் விளங்காத நிலைக்கு வந்துவிட்டது, அதனால் அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்ல, நான் எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நானும் கேட்டேன். "போன்ல என்ன சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா'ங்கறா. அது தலையாட்டுற மாதிரிதான். எனக்கு இனிமே தலையாட்டறது வேண்டாம்" என்றாள். அம்மாவுக்கும் தலையாட்டலுக்கும் என்ன பகை என்பதைச் சொன்னால்தான் நகப்பூச்சின் கதையும் புரியும்.

போன மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு வயதுப் பையன் ஒருவன் குணமாகி வீட்டுக்குப் போனான். அவனுடைய அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், நாங்கள் வேன் அக்கா என்றுதான் சொல்வோம். புறப்படும்போது நம் அம்மாதான் அவளுக்கு மருந்து சொல்லிக் கொடுத்தாள். காய்ச்சலுக்குச் சிரப் வேறு, துளி மருந்து வேறு, துளி மருந்து ரொம்பக் கெட்டி, அதைக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், புரிந்ததா என்று கேட்டாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, காதில் போன், வேன் அக்கா நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய்த் துளி மருந்தை எடுத்து, பழைய சிரப்பின் நினைப்பில், கரண்டியால் கொடுத்துவிட்டாள், வேளை தவறாமல். இரண்டாம் நாள் பையன் வாந்தியும் மயக்கமுமாகத் திரும்பி வந்தான். ஈரல் கெட்டிருக்குமோ என்று ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பிழைத்துக்கொண்டான், பயப்படாதே, இப்போது கையில் கிடைத்தவர் முடியை எல்லாம் பிடுங்குகிற அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் அந்த இரண்டு நாளும் அம்மா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. வேன் அக்கா சண்டைக்கு வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவள் சண்டை போடவில்லை. "நீங்க சொன்னீங்க சிஸ்டர், நானும் தலையாட்டினேன், ஆனா எனக்கு அப்ப ஒண்ணுமே காதுல ஏறல, வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாளாம்.

நடந்த தவறுக்கு ஆஸ்பத்திரியில் அறிக்கை எழுத வேண்டும் அல்லவா, தாயின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் முடிப்பார்களாம். அம்மா என்ன எழுதினாள் தெரியுமா, கேட்ட கேள்வி தவறு, கேட்டது நான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கூட இருந்த நர்ஸ் ஆன்ட்டிகள், உங்க தலையை நீங்களே ஏன் நீட்டறீங்க என்று பதறினார்கள். "ஆடினது அவ தலை, அதை நம்பினது என் தலைதானே" என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த பிடிவாதம் இன்னும் இறங்கவில்லை. மருந்தகத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கினாள். அதில் வண்ணத் தண்ணீர், ஊசியில்லாத சிரிஞ்ச், காலி மருந்து பாட்டில்கள். வாயால் சொல்வதா, செய்ய வைப்பதா, எது பலிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் குழுவிடம் முறைப்படி அனுமதியும் வாங்கினாள். ஒரு வாரம் வருகிற பெற்றோருக்குப் பழையபடி வாயால் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு அனுப்ப வேண்டும். மறுவாரம் வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியே கிடையாது, நீங்களே அளந்து காட்டுங்கள் என்று சிரிஞ்சைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் எல்லோரையும் வீடியோவில் கூப்பிட்டு வீட்டில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்பாள், தப்பாக அளந்தால் அங்கேயே திருத்துவாள். வேலை நேரம் முடிந்த பிறகு, அந்தக் கனமான செருப்பைக்கூடக் கழற்றாமல், கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். நம் வீட்டில் அதற்கான ஒத்திகைக்கு அப்பாதான் நோயாளியின் தகப்பன். ஊரிலுள்ள மின்சார மீட்டரை எல்லாம் தப்பில்லாமல் படிக்கிற மனிதர், சிரிஞ்சில் அளவு எங்கே என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆட்டிப் பழகிய தலை, அவர் மேல் தப்பில்லை.

முடிவு வந்தபோது, சும்மா கேட்டு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் தப்பாக அளந்திருந்தார்கள். செய்து காட்டியவர்களில் மிகச் சிலர்தான். அம்மா அந்தச் சிலரையும் விடவில்லை, மேசையில் சரியாகச் செய்தவர்கள் வீட்டில் ஏன் தவறினார்கள் என்று தோண்டினாள். வெந்நீரில் கழுவிக் கழுவிச் சிரிஞ்சில் இருந்த எண்கள் அழிந்துபோயிருந்தன. டேப் ஒட்டிப் பார்த்தாள், உரிந்துவிட்டது. பேனாவால் கோடு போட்டாள், கரைந்துவிட்டது. அப்போதுதான் உன் நகப்பூச்சின் ஞாபகம் வந்தது. அந்தந்தக் குழந்தைக்கு டாக்டர் எழுதிய அளவில் வெளிப்பக்கம் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான், எத்தனை கொதிநீர் வந்தாலும் அசையவில்லை. நீ அன்றைக்குக் கையிலிருந்து சுரண்ட முடியாமல் அழுதாயே, அதே பிடிவாதம், அம்மா வீட்டுப் பொருள் அல்லவா.

ஆனால் பெரிய டாக்டர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். கெட்டவர் இல்லை, அவர் கேட்டதும் நியாயம்தான். "கணக்கு நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், ஆனா வார்டுல ஆளே குறைச்சல், ஒரு நர்ஸை மேசையில உட்கார வச்சிட்டா உள்ளே இருக்கற பிள்ளைங்களை யார் பார்ப்பாங்க" என்றார். நர்ஸ் அல்லாத ஒருவர் இந்த மேசையைச் சரியாக நடத்திக் காட்டட்டும், அப்படியானால் மேசை இருக்கும், இல்லையென்றால் மாதக் கடைசியில் எடுத்துவிடலாம் என்று சொல்லி, சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். அம்மா, காட்டுகிறேன் சார் என்று ஒரே சொல்லில் முடித்தாள். இதற்கென்று பழக்கி வைத்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை இருமல் வந்துவிட்டது, இருமலோடு குழந்தைகள் பக்கம் போகக் கூடாது. அம்மா வீட்டுக்கு வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இனி வருவதை நீ நின்றுகொண்டே படித்தால் நல்லது. சனிக்கிழமை மேசையைக் காப்பாற்றியது யார்? அடக்கம் தடுப்பதால் பெயர் சொல்ல முடியவில்லை, ஆனால் பேனா அவன் கையில்தான் இருக்கிறது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு பெரிய டாக்டர். முதல் ஆளாக ஒரு தகப்பன், கையில் காய்ச்சலில் சிணுங்கும் பெண் குழந்தை. துளி மருந்து ஏன் கெட்டி, சிரப் ஏன் இளகல் என்பதை நான் கரடிக் குரலிலும் எலிக் குரலிலும் விளக்கியதில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது, வரிசையே சிரித்தது, சிரப்பைச் சிறப்பாக விளக்கினான் என்று யாரோ சொன்னதாகவும் எனக்குக் கேட்டது. பையனின் பரிசோதனைக்கு வந்திருந்த வேன் அக்காவும் ஒரு சிறு உதவி செய்தாள். அவளுடைய பையன் என் தோளில் ஏறித் தலைமுடியைப் பிடித்து என்னைப் பாராட்டினான். கடைசியில் பெரிய டாக்டர் அம்மாவிடம், மேசை இருக்கட்டும் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றப் போகும்வரை இனி வேன் அக்கா மேசையில் இருப்பாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால், அவளை உதவியாளராக நானே சிபாரிசு செய்தேன் என்று வைத்துக்கொள்.

சரி, அம்மா இஸ்திரிப் பெட்டியால் தட்டுகிறாள், குட்டி விஷயத்துக்கு வா என்கிறாள். இந்த உறையோடு ஒரு சிரிஞ்ச் வருகிறது. நீ அனுப்பிய சீட்டில் உங்கள் டாக்டர் குட்டியின் காய்ச்சல் மருந்துக்கு எழுதியிருக்கும் அளவுக்கு நகப்பூச்சின் கடைசிச் சொட்டில் கோடு போட்டிருக்கிறாள். அந்தக் கோடு அந்த ஒரு மருந்துக்கு மட்டும்தான். குட்டி வளர்ந்தால் அளவும் மாறும், பழைய கோட்டை நம்பிக்கொண்டிருக்காதே, எடை பார்த்து டாக்டரிடம் கேட்டுப் புதிதாகப் போடு. சமையலறைக் கரண்டி பக்கம் போகவே கூடாது. இன்னொன்று, குட்டி இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று போன மாதம் சொன்னாய், டாக்டரிடம் காட்டினாயா என்றால், காட்டறேம்மா என்றாய். அம்மா இதைச் சொல்லும்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள், ஆகவே விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். "பயமுறுத்தல, சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். ஆனா லேட்டாப் பேசும்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. முதல்ல காது கேக்குதான்னு பார்க்கச் சொல்லு, இந்த வாரமே." குட்டியின் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று நீயும் கவனி. குளிப்பாட்டும்போது, சட்டை போடும்போது, செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய். கையில் போனைக் கொடுத்துவிட்டு வேலை பார்க்காதே. ஒன்று சொன்னால் உடனே அடுத்ததுக்குத் தாவாதே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் காத்திரு, அது அவளுடைய முறை, ஒரு சத்தமோ கைநீட்டலோ வந்தால் அதுவும் பேச்சுத்தான், பதில் சொல்லு. நீ பேசத் தாமதித்தபோது அம்மா இப்படித்தான் காத்திருந்தாளாம். பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தத்தான் வழி தெரியவில்லையாம், இது அப்பா உள்ளே இருந்து சேர்க்கச் சொன்னது.

நீயும் மாமாவும் குட்டியும் நோய்நொடி அண்டாமல், கை நிறைய வேலையும் மனசு நிறையச் சிரிப்புமாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். குட்டியின் இரண்டு கன்னத்திலும் என் பங்கு முத்தத்தை வைத்துவிடு. மறக்காதே, சிரிஞ்ச் கைக்கு வந்ததும் வண்ணத் தண்ணீரில் அளந்து வீடியோ அனுப்ப வேண்டும். சரிம்மா என்று எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்ளப்படாது. காது டாக்டரைப் பார்த்த அன்றைக்கே கூப்பிட வேண்டும், ராத்திரி ஆனாலும் அம்மா விழித்திருப்பாள்.

உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
(கையெழுத்து அவளுடையதுதான், கோழி கிளறியது இல்லை)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் அம்மா, நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "படிச்சுக் காட்டு" என்றாள். படித்தேன். சனிக்கிழமைப் பகுதியைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. மருந்தை அளக்கச் சொன்னால் இவன் வேறு எதையோ அளந்திருக்கிறான் என்று சிரித்துவிட்டு, உள்ளதை எழுதிவிட்டு ஒட்டு என்று எழுந்து போய்விட்டாள். உள்ளது இதுதான் அக்கா. கரடி, எலி எல்லாம் முடிந்து, வரிசை சிரித்து, நானும் மிதந்துகொண்டிருந்தபோது, அந்தத் தகப்பனைப் பார்த்து என் வாய் தானாகக் கேட்டது, "புரிஞ்சுதா அங்கிள்?" அவர் தலையாட்டினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வார்டு வாசலில் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, தெருக்கோடியில் இருக்கும் பிள்ளைகளை வேனுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் வேன் அக்கா கத்தினாள், "தம்பி, அவர் கையில சிரிஞ்சைக் கொடு! அளந்து காட்டாம இங்கேருந்து யாரும் நகரக் கூடாது!" அவர் திரும்பி வந்தார். சிரிஞ்சை வாங்கினார். கோட்டைத் தாண்டி, முழுசாக, மேலே வரைக்கும் இழுத்தார். வேன் அக்கா பையனை என் தோளில் ஏற்றிவிட்டு, என்னை எழுப்பிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பரவாயில்ல சார், நானும் இப்படித்தான் தலையாட்டினேன், என் பிள்ளையை இங்கேதான் திருப்பிக் கொடுத்தாங்க. கோடு வரைக்கும் மட்டும், இன்னொரு தடவை" என்று சொல்லி, அவர் கை பழகும்வரை விடவில்லை. இவங்க யாரு சிஸ்டர் என்று பெரிய டாக்டர் கேட்டதும், மேசை இருக்கட்டும் என்றதும் அதைப் பார்த்துத்தான். முடியைப் பிடித்த பையனும் பாராட்டவில்லை, பிடுங்கினான், இடது பக்கம் இன்னும் எரிகிறது. வேன் அக்கா என் உதவியாளர் இல்லை, நான்தான் அவளுடையவன். மேசையில் என் பதவி, சனிக்கிழமைகளில் வண்ணத் தண்ணீர் கலக்குவது. அதையும் அவள் முன்னால் ஒரு தடவை கலந்து காட்டிய பிறகுதான் பாட்டிலில் ஊற்ற விடுகிறாள்.