ரெட்டியார்பாளையத்தில் மரான் கோழிகள்

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
செப்டம்பர் 1984, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரஞ்சிதத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை தேவதாசும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். மற்ற சேதியெல்லாம் பின்னால் வருகிறது, முதலில் இதைக் கேள், நீங்கள் பிரான்சிலிருந்து அனுப்பிய முட்டையில் பொரித்த மரான் கோழி இன்று காலை முதல் முட்டை இட்டுவிட்டது! நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், கொல்லையில் ஒரே கூப்பாடு, பாம்புதான் புகுந்துவிட்டது என்று கழியை எடுத்துக்கொண்டு ஓடினால் உன் அம்மா கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருக்கிறாள். புளியங்கொட்டையைத் துடைத்து வைத்த மாதிரி நிறம், அதே பளபளப்பு. கூப்பாடு போட்டது கோழி பாதி, உன் அம்மா பாதி. எச்சம் ஒட்டியிருக்கிறது என்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள், துணியில் பழுப்பு ஏறிவிட்டது. "இன்னாங்க இது, சாயம் போவுது! சீமக் கோழின்னீங்க, கெட்டிச் சாயம் இல்லியா?" என்று என்னைக் கேட்கிறாள், மில்லில் இருபது வருஷம் சாயத் தொட்டியில் நின்றவன் என்பதால் முட்டைக்கும் நான்தான் ஜவாப்தாரி. பிறகு அவித்து உரித்துப் பார்த்தோம், உள்ளே நாட்டுக்கோழி முட்டை மாதிரியேதான் வெள்ளையும் மஞ்சளும். "வெளியதான் கருப்பா" என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் பாதி எனக்குக் கொடுத்துவிட்டு மீதியை அவள் தின்ற மாதிரியைப் பார்த்தால் பிரசாதம்தான்.

கோழிகளைப் பற்றி இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையின் பட்டாளத்து சிநேகிதர் கலியபெருமாள் பொங்கல் லீவுக்கு வந்தபோது, அந்த டஜன் முட்டையையும் விமானத்தில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார் என்று மட்டும்தான் எழுதினேன். அதற்குமேல் எழுதப் பயமாக இருந்தது. கடல் தாண்டி வந்த முட்டை பொரிக்குமா, பொரித்தாலும் நம் ஊர் வெயிலுக்குப் பிழைக்குமா, நல்ல சேதி எழுதிவிட்டு அடுத்த மாசமே செத்துப் போச்சு என்று எழுத வேண்டி வந்தால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய். முதல் முட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கோழிச் சேதிக்குப் பேனாவைத் தொடுவது என்று இருந்தேன், இப்போது தொட்டாயிற்று, இனி நிறுத்த மாட்டேன்.

நம் சாம்பல் பெட்டை அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது அதிர்ஷ்டம். அதன் முட்டையை எடுத்துவிட்டு இதை வைத்தோம், அது ஒரு தடவை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு அலகால் ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. ஏழு பொரித்தது, ஒன்று மறுநாளே போய்விட்டது, பொரிக்காத ஐந்தும் கூழ்முட்டை. குஞ்சைப் பார்க்க வேண்டுமே நீ, முதுகு மையாட்டம் கருப்பு, தொண்டையும் வயிறும் வெள்ளை, காலில் விரல் வரைக்கும் மெத்தென்று இறகு. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டு வரும் ஆயம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குந்திப் பார்த்தாள். "இன்னா அண்ணே, ஒங்க மருமவன் கோழிக்கெல்லாம் சாக்ஸ் போட்டு அனுப்பிக்கீறாரு!" என்று சிரித்தவள்தான், அன்று முதல் மீன் செதில், குடலை வேறு யாருக்கும் கொடுக்காமல் நம் வீட்டுக்கே எடுத்து வருகிறாள். சாம்பல் பெட்டைக்கு வித்தியாசமே தெரியவில்லை. நொய்யைக் கண்டால் கொக் கொக் என்று தான் தின்னாமல் கூப்பிடும், ஆறும் உருண்டு வரும். வானத்தில் பருந்து நிழல் தட்டினால் ஒரு சத்தம் கொடுக்கும், இழுத்தாற்போல, ஆறும் இருந்த இடத்தில் அப்படியே கல்லாகிவிடும். சொல்லிக் கொடுக்காமலே முட்டைக்குள்ளிருந்தே தெரிந்துகொண்டு வந்திருக்கிறது பார், பிரெஞ்சுக் கோழிக்குத் தமிழ்க் கோழி பாஷை. கத்திரி வெயிலில்தான் பாடாய்ப் பட்டோம், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கையை உடம்பில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். உன் அம்மா வாழைமரத்தடியில் குழி பறித்துத் தண்ணீர் தெளித்து வைத்தாள், மதியமெல்லாம் அந்த ஈர மண்ணில் வரிசையாகப் படுத்துப் புரளும்.

சிறகு முளைத்ததும் ரகளை ஆரம்பித்தது. இரண்டு இரண்டாக மாரோடு மார் முட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றையொன்று முறைக்கும், யார் முதலில் தலையைத் தாழ்த்துகிறதோ அது தோற்றது, அவ்வளவுதான், ரத்தம் கிடையாது. நான் மில்லை விட்ட பிறகு சேர்ந்த தட்டாஞ்சாவடி கம்பெனியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும் நேரே கொல்லைக்குப் போய் இன்றைக்கு யார் ஜெயித்தது என்று உன் அம்மாவைக் கேட்பேன், அவள் ரேடியோவில் பந்தாட்டம் சொல்வதுபோல் சொல்வாள். ஒரு மாசத்துக்குள் வரிசை ஏற்பட்டுவிட்டது, பெரிய பெட்டை கருப்பாயிதான் முதலில் தீனிக்கு வரும், அதற்குப் பின்னால் இன்னார், அதற்குப் பின்னால் இன்னார், யாரும் இடம் மாறுவதில்லை. இன்று முட்டை இட்டதும் அந்த மகராசிதான். இரண்டு சேவல் தேறியது, கொண்டை முதலில் சிவந்ததை வைத்துக் கண்டுபிடித்தோம், பிறகு கழுத்தில் தேய்த்த செம்புக் குடம்போல இறகு இறங்கியது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பெரியது கூவும்போது சின்னது கூவாது. பெரியது வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் சின்னது குப்பைமேட்டில் ஏறித் தொண்டை கிழியக் கூவும், அது திரும்பி வந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் மண்ணைக் கிளறும். "மேஸ்திரி வந்தா நீங்களும் இப்டித்தான" என்கிறாள் உன் அம்மா. அதற்கு நடுவே ஒரு நாள் சாம்பல் பெட்டைக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் வந்த குஞ்சுகளைக் கொத்தித் துரத்திவிட்டது, காலம் வந்தால் எல்லாத் தாய்க்கோழியும் செய்வதுதான், இரண்டு நாள் ஆறும் கத்திக்கொண்டே அதன் பின்னால் அலைந்தன, பிறகு தாங்களாகவே ஒன்றாகச் சேர்ந்து ஒண்டிக்கொண்டன.

இப்போது சிலுப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டைகளில் அதுதான் சின்னது, இறகு எப்போதும் படியாமல் சிலுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். வரிசையில் கடைசி. ஆடி மாசத்தில் ஒரு நாள் வேலிக் கம்பி பட்டு அதற்கு முதுகில் சின்னக் காயம், ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவை அந்த இடத்திலேயே கொத்த ஆரம்பித்துவிட்டன. கூடப் பிறந்ததுகள்தான், ஒரே இறக்கைக்கடியில் தூங்கினதுகள்தான். நான் வேலையிலிருந்து வருவதற்குள் முதுகில் ஒரு உள்ளங்கை அளவுக்கு இறகே இல்லை. தூக்கி வந்து வீட்டுக்குள் கூடையில் கவிழ்த்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டோம். காயம் ஆறிவிட்டது, நல்லதாயிற்று என்று கொண்டுபோய்க் கொல்லையில் விட்டேன். ரஞ்சிதம், முன்னைவிட மோசம், அசலூர்க் கோழி நுழைந்துவிட்ட மாதிரி எல்லாம் சேர்ந்து பாய்ந்தன, அந்தச் சின்னச் சேவல்கூட. சிலுப்பி எதிர்த்து நிற்காமல் மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நின்றது. திரும்பவும் கூடைக்குள் வைத்தேன், அன்று முதல் அது தீனி தொடவில்லை. கம்பெனியில் மிஷினுக்கு எண்ணெய் விடும்போதுகூட அதே நினைப்பு, இன்று போனால் விறைத்துக் கிடக்குமோ என்று.

உன் அம்மாதான் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். கூடையை வாசல் நிழலில் வைத்தால் கருப்பாயி மட்டும் கூட்டத்தை விட்டுவிட்டு வந்து கூடையை ஒட்டி வெளியே படுத்துக்கொள்கிறதாம். "அதையும் உள்ள வுட்டுப் பாருங்களேன்" என்றாள். இருப்பதிலேயே முரடு, உள்ளே விட்டால் கொன்றுவிடும் என்று நான் மாட்டேன் என்றேன். "செத்தா நான் பதில் சொல்றேன், வுடுங்க" என்று அவளே பிடித்து உள்ளே விட்டாள். நான் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கருப்பாயி ஒரு கொத்து கொத்தியது, சிலுப்பி தலையைத் தாழ்த்தியது, அவ்வளவுதான், பிறகு கருப்பாயி நொய்யைத் தின்னத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சிலுப்பியும் ஒரு மணி எடுத்தது. எனக்கு எழுந்து கூத்தாட வேண்டும்போல் இருந்தது! ஒரு வாரம்போல இரண்டையும் சேர்த்தே வைத்திருந்து, ஒரு சாயங்காலம் மற்றவை கூண்டில் கம்பில் ஏறி அடங்கும் நேரம் பார்த்து இரண்டையும் நடுவில் ஏற்றிவிட்டோம். காலையில் கதவைத் திறந்தால் எல்லாம் ஒன்றாக இறங்கி வருகின்றன. ஒன்று வந்து சிலுப்பியைக் கொத்தத்தான் செய்தது, அது நகர்ந்துகொண்டு கருப்பாயிக்கு அந்தப் பக்கம் போய்த் தின்றது. இன்றைக்கும் கடைசியில்தான் தின்கிறது, ஆனால் தின்கிறது, முதுகில் புது இறகு வந்துவிட்டது, கொண்டையும் சிவக்கிறது.

போன மாசம் உன் கடிதம் வந்தபோது இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்கார மதாம்கள் நீ போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், சாப்பிடும்போது நீ உட்கார்ந்த மேஜைக்கு ஒருத்தரும் வருவதில்லை, மாப்பிள்ளை வாரக்கணக்கில் முகாமுக்குப் போய்விடுகிறார், ஊருக்கே திரும்பி வந்துவிடட்டுமா என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு உன் அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிரான்ஸ் மாப்பிள்ளை என்று ஆசைப்பட்டது நான்தானே. என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் தாமதம். இப்போது தெரிந்துவிட்டது என்று நினைத்து, இன்று முட்டை தின்ற கையோடு உட்கார்ந்து, அந்த மதாம்களில் யாராவது ஒருத்தியை மட்டும் முதலில் சிநேகம் பிடித்துக்கொள், ஒருத்தி போதும், மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்று எழுதப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எம் பொண்ணு இன்னா கோழியா? கோழிக்கு வாயில்ல, நாமதான் யோசன பண்ணணும். அவளுக்கு வாய் இருக்குது. நம்மளத்தான கேட்டிருக்கா, வரட்டுமான்னு? அதுக்கு மொதல்ல பதில் எழுதுங்க" என்றாள். வந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றேன். "ஊரு வந்து அவகூட உக்காந்து சாப்புடுதா அங்க?" என்றாள்.

ஆகவே அவள் சொன்னபடியே எழுதுகிறேன். இருக்க முடியுமென்று தோன்றினால் இரு. முடியாது என்றால் மாப்பிள்ளையிடம் மனசுவிட்டுப் பேசிவிட்டுக் கிளம்பி வா, ஒரு மாசமோ, ஒரு வருஷமோ, அதற்குமேலோ. யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். மீனம்பாக்கத்துக்கு நானே வந்து நிற்பேன். நான் சொன்ன யோசனையையும் உன் அம்மாவுக்குத் தெரியாமல் மேலே எழுதிவிட்டேன், வேண்டுமானால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் விட்டுவிடு.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டு எழுது. மழை வந்தால் இதுகளின் கால் இறகில் சேறு அப்பிக் காய்ந்து கெட்டியாகிவிடுகிறது, அதைக் கத்தரித்துவிடலாமா, இல்லை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவதா, முட்டை கொடுத்த பண்ணைக்காரர் என்ன செய்கிறார் என்று அறிய வேண்டும், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் தெரிந்தால் நல்லது. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, மனசில் குறையில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம். கோழிக் காலுக்குப் பதில் மெதுவாக வந்தால் போதும், அம்மா கேட்டதற்குப் பதிலை உடனே எழுது.

இதுவரை எல்லாக் கடிதத்திலும் இருவருக்கும் சேர்த்து நான் மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குத் தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறாள், கொடுத்துவிடுகிறேன்.

அன்புள்ள அப்பா,
கோ. வைத்திலிங்கம்

வரலட்சுமி
அம்மா. வா