படிவத்தில் தம்பி

உ

புதுக்கோட்டை,
22-8-1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளை நல்லதம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும், தங்கள் தங்கை செவந்தியும், குழந்தை அழகம்மாளும் தங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். திருச்சியில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

அங்கே திறந்த புது சலூனில் நான்கு நாற்காலி என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இங்கே கீழராஜ வீதிக் கடையில் இருக்கிற இரண்டு நாற்காலியும் ஒழிகிற நேரமே இல்லை. நானும் கொடும்பாளூர்ப் பையன் திருப்பதியும் காலை ஆறு மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் உட்காருகிறோம். சாப்பாடும் நின்றபடிதான். நாற்காலியெல்லாம் வருகிறவர்களுக்கு.

ஒரு விஷயம் கேட்கவே இந்தக் கடிதம். அழகம்மாளுக்கு இன்னும் முதல் முடி இறக்கவில்லை. முதல் வருஷம் கடையில் ஆள் இல்லை என்றீர்கள். இரண்டாம் வருஷம் இரட்டைப்படை, ஆகாது. வருகிற மாசியோடு அவளுக்கு மூன்று முடிகிறது. அதற்குள் குன்றாண்டார்கோவிலுக்கு அந்தப் பக்கம் நம் கருப்பர் கோயிலில் எடுத்தாக வேண்டும். முடி தோளில் புரள்கிறது. "ஊருக்கெல்லாம் வெட்டுறீங்க, சொந்தப் புள்ளைக்கு வெட்ட நேரமில்லையா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

கடைக்கு விடுமுறை செவ்வாய் ஒன்றுதான். அன்று யாரும் முடியெடுக்க மாட்டார்கள் என்பதால்தான் அது விடுமுறையே. என் பிள்ளைக்கும் அன்று எடுக்கக் கூடாது. மற்ற ஆறு நாளும் நான் ஊரார் முடியை எடுக்க வேண்டும். ஆகையால் ஆவணி முடிவதற்குள் ஒரு திங்களோ வியாழனோ எனக்கு விடுப்புத் தர வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தாங்களும் அன்று வந்துவிட வேண்டும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
நல்லதம்பி


திருச்சி,
29-8-1957

அன்பு மாப்பிள்ளைக்கு,

வீரய்யா எழுதுவது. கடிதம் வந்தது. கருப்பர் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சௌக்கியம்.

ஆவணி முழுக்க முகூர்த்தம். கல்யாண மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதத்தில் நம்ம கடையில் ஒரு நாற்காலி சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா? விடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை என் மனசைச் சுட்டது. விடுப்பு கூலியாள் கேட்பது. நீங்கள் என் தங்கையைக் கட்டியவர். ஊரில் கத்திப் பெட்டியை இடுக்கிக்கொண்டு கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடினோமே, அதிலிருந்து உங்களைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தவன் நான். நம்ம கடை, மாப்பிள்ளை. நேரம் பார்க்கலாமா?

செவ்வாயன்று துணிகளையெல்லாம் அவித்துத் துவைத்துப் போடவும். கத்திகளைத் தீட்டி வைக்கவும். வீட்டுப் பின்சுவருக்குக் கொத்தனார் வருவார், கூட நின்று கல் எடுத்துக் கொடுக்கவும். திருப்பதியையும் வரச் சொல்லவும். இதெல்லாம் வேலை இல்லை, ஒத்தாசை.

முடியிறக்கத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம். முடி வளர்ந்துவிட்டது என்றீர்களே, அழகம்மாளுக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். மாமன் கொடுத்தது என்று சொல்லிக் கட்டிவிடச் சொல்லவும்.

அன்புடன்,
வீரய்யா


உ

புதுக்கோட்டை,
31-10-1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நல்லதம்பி வணக்கத்துடன் எழுதுவது. தீபாவளி தங்களுக்கு நல்லபடி கழிந்திருக்கும். எங்களுக்குக் கடையில் கழிந்தது. தீபாவளிக்கு முந்தின மூன்று நாளும் பிள்ளை விழித்திருந்து நான் பார்க்கவில்லை. கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகத் தெரிகிறது. செவந்தி விளக்கெண்ணெய் தேய்த்துவிடுகிறாள். ரிப்பன் கட்டி விளையாடுகிறாள் அழகம்மாள். மாமன் எப்ப வரும் என்று கேட்கிறாள்.

திங்களன்று தொழிலாளர் இலாகாவிலிருந்து ஓர் ஆபீஸர் வந்தார். திருப்பதி மனுப் போட்டிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். ஆபீஸர் மரியாதையான மனிதர். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் நின்றால் ஓவர்டைம், அதற்கு இரட்டைக் கூலி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, வருஷத்தில் சில நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டத்தில் இருக்கிறதாம். நாம் கடை வைத்ததற்கு முன்னாலேயே போட்ட சட்டமாம்.

"வேலையாள் எத்தனை பேரு?" என்று கேட்டார். திருப்பதி முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்த்தார்.

"நம்ம கடைதாங்க" என்றேன்.

"அப்ப முதலாளி நீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வேலையாளா?"

அதற்கும் எனக்கு வாய் வரவில்லை, மச்சான். எட்டு வருஷமாக இந்தக் கடையில் நிற்கிறேன், நான் யாரென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பதிவேடு தங்களிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வருவார். திருப்பதி கேட்பதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
நல்லதம்பி


திருச்சி,
9-11-1957

அன்பு மாப்பிள்ளைக்கு,

வீரய்யா எழுதுவது. நீங்கள் எதற்கும் பதற வேண்டாம். இங்கே ஆபீஸுக்கு நானே நேரில் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு ஆட்கள் கடையில் நின்றால் இந்த நேரக் கணக்கெல்லாம் கிடையாதாம். அந்த வழியில் எழுதிவிட்டேன். உங்கள் பெயரே நமக்கு ஒத்தாசை செய்துவிட்டது, அதை நேரில் சொல்லிச் சிரிக்கலாம். ஆபீஸர் படித்துக் காட்டிக் கேட்டால் "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

திருப்பதியை அனுப்பிவிடவும். சோறு போட்ட இடத்தில் மனுப் போடுகிறவன் நமக்கு வேண்டாம்.

தை பத்து, வியாழக்கிழமை, முகூர்த்தம் பார்த்துவிட்டேன். அன்று கண்டிப்பாக முடியிறக்கம். அழகம்மாளுக்குப் பட்டுப் பாவாடை எடுத்தாயிற்று. முதல் பஸ்ஸில் வந்து விடுவேன். என் மருமகளை என் மடியில் வைத்துக்கொள்ள எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?

அன்புடன்,
வீரய்யா


உ

புதுக்கோட்டை,
24-1-1958

மச்சான் அவர்களுக்கு,

நேற்றுத்தான் தை பத்து. முந்தாநாள் தங்கள் கார்டு வந்தது: "ஆபீஸர் வியாழக்கிழமை வருகிறாராம். கடையில் இருக்கவும். முடியிறக்கத்தை மாசிக்குத் தள்ளவும்." மூன்றே வரி. செவந்தி மாவிடித்து வைத்திருந்தாள். ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். நான் கடைக்குப் போனேன்.

ஆபீஸர் பதினொரு மணிக்கு வந்தார். தாங்கள் கொடுத்த படிவத்தை எடுத்துப் படித்தார். "நல்ல" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "தம்பி" என்று, எழுதியிருந்தபடியே இரண்டாகப் படித்தார். "வீரய்யாவின் உடன்பிறந்த தம்பி. ஒரே வீட்டில் வாசம். வேலையாள் அல்ல. சரிதானா?"

தாங்கள் சிரிக்கலாம் என்று எழுதியது இதற்குத்தானா? திருப்பதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆம், அவனை நான் அனுப்பவில்லை. ஆனாலும் அவன் எதிரிலேயே "சரிங்க" என்றேன். தங்களுக்காக அதையும் சொன்னேன்.

அவர் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டுகிறபோது செவந்தி சோற்றுத் தூக்கோடு வந்தாள். இடுப்பில் அழகம்மாள், தலையில் தாங்கள் அனுப்பின ரிப்பன். ஆபீஸர் குழந்தையைப் பார்த்துச் சிரித்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"இவுக எங்க வீட்டுக்காரவுக. கடை எங்க அண்ணன் கடைங்க" என்றாள்.

"அண்ணன்னா?"

"கூடப் பொறந்த அண்ணன். வீரய்யா."

அவர் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப இவரு ஒங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த மனிதர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"என்னன்னு எழுதியிருக்கு?" என்று செவந்தி கேட்டாள். அவர் படித்துக் காட்டினார். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்குப் போனதும் என்னைக் கேட்டாள்: "எங்க அண்ணனுக்கு நீங்க கூடப் பொறந்த தம்பின்னா, நான் ஒங்களுக்கு யாரு? நம்ம ரெண்டு பேருக்கும் பொறந்த இந்தப் புள்ள யாரு?"

இதற்குப் பதிலைத் தாங்கள் சொல்லுங்கள்.

ஆபீஸர் பதினைந்து நாள் தவணை கொடுத்திருக்கிறார், எது நிஜம் என்று எழுதிக் கொடுக்க. தாங்களே ஆபீஸுக்குப் போய் அந்த வரியை அடித்துவிட்டு, என்னை வேலையாள் என்று எழுதுங்கள். திருப்பதிக்கு உள்ளதை அவனுக்குக் கொடுங்கள். எனக்கு ஓவர்டைம்கூட வேண்டாம். அந்த ஒரு வரி போதும். மாசியில் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் மறந்துவிடலாம்.

நல்லதம்பி


திருச்சி,
30-1-1958

மாப்பிள்ளைக்கு,

காகிதத்தில் எழுதினால் ரத்தம் மாறிவிடுமா? சர்க்காருக்குக் கொடுக்கிற படிவத்தில் ஊரில் எவன் நிஜம் எழுதுகிறான்? உங்களைத் தம்பி என்று எழுதியது கேவலமா? கூலியாள் என்று எழுதுவதுதான் கௌரவமா? என் தங்கைக்குப் புத்தி சொல்ல வேண்டியவர் நீங்கள், அவள் பேச்சைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

நான் பொய் சொன்னேன் என்று ஆனால் இரண்டு கடைக்கும் கேஸ் வரும். கடன் வாங்கித் திறந்த கடை. அதை நினைத்துப் பாருங்கள்.

முடிவாகச் சொல்கிறேன். "சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மாசியில் சீர்த் தட்டோடு வந்து உட்காருகிறேன். மாற்றி எழுதிக் கொடுத்தால் சீரும் வராது, நானும் வர மாட்டேன். தாய்மாமன் மடி இல்லாமல் முடி இறக்கின பிள்ளை என்று ஊர் பேசட்டும். என் மடி வேண்டுமா, ஆபீஸர் பேனா வேண்டுமா என்று புருஷன் பெண்சாதி இருவரும் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள்.

வீரய்யா


உ

புதுக்கோட்டை,
26-2-1958

திரு. வீரய்யா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைச் செவந்திக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "நாளைக்கே போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். போனேன். ஆறு மணி, ஒன்பதரை மணி, செவ்வாய்க்கிழமை துவைத்த துணி, எடுத்துக் கொடுத்த கல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் யாரென்று ஆபீஸர் கேட்டார். வேலையாள் என்றேன். இந்தத் தடவை வாய் வந்தது. தங்களுக்குக் கேஸ் வருமா, எங்களுக்கு ஏதாவது வருமா, எனக்குத் தெரியாது. திருப்பதி, இரண்டும் வரும் என்கிறான். அவன் வயசு அப்படி.

முந்தாநாள் திங்கட்கிழமை அழகம்மாளுக்கு முடி இறக்கினோம். யாரிடமும் விடுப்புக் கேட்கவில்லை. கோயிலில் பூசாரி, "தாய்மாமன் எங்கப்பா?" என்றார். செவந்திதான் சொன்னாள்: "சர்க்காரு காயிதத்துல இந்தப் புள்ளைக்கு மாமன் இல்லீங்க. எங்க அண்ணன் இவுகளுக்கும் அண்ணன்னு எழுதிட்டாரு. அப்பப் புள்ளைக்குப் பெரியப்பாதானே ஆகுது? பெரியப்பா மடி செல்லாதுல்ல?"

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் எடுத்தேன். எட்டு வருஷத்தில் தங்கள் கடையில் ஒருவருக்கும் கீறல் போடாத கை தவறி, காதுக்குப் பின்னால் ஒரு இடத்தில் கத்தி பட்டுவிட்டது. படிகாரம் வைத்தேன். பிள்ளை அழவில்லை. அவள் அம்மாதான் அழுதாள். ஊர் பேசுமா என்றால், பேசத்தான் செய்கிறது. தாங்கள் எழுதினதை ஊர் படித்திருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருக்கும்.

பின்கட்டைக் காலி செய்துவிட்டோம். வீட்டுச் சாவியும் கடைச் சாவியும் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறேன். கத்திகளைத் தீட்டி வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு சலூனில் சேர்ந்திருக்கிறேன். அங்கேயும் ஒன்பது மணிவரை நிற்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்த முதலாளி எனக்கு மச்சான் இல்லை. எட்டு மணிக்கு மேல் ஏன் என்று முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். முதல் நாளே கேட்டேன். முறைத்தார், அவ்வளவுதான்.

ரிப்பன் இத்துடன் வருகிறது. கட்ட இப்போது முடி இல்லை. வளர்கிறபோது நானே வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.

"வேற ஏதாச்சும் எழுதணுமா?" என்று செவந்தியைக் கேட்டேன். குழந்தைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள். "யாருக்கு?" என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் கடையில் வேலை பார்த்த ஆள்,
நல்லதம்பி

பின்குறிப்பு: ஆபீஸில் மறுபடி ஏதாவது எழுதிக் கொடுக்க நேர்ந்தால் என் பெயரைச் சேர்த்து எழுதவும். அது ஒரே வார்த்தை.