சூரியனை மறைத்துக் காற்றைப் பார்த்தவளுக்கு

என் செல்லச் சண்டைக்காரி ஜெசிந்தாவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. திரேஸ்புரத்தில் பாதிப் பேர் பூசைக்கு வந்தார்கள். மீதிப் பேர் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பார்த்தாயா, இன்றைக்குக்கூட என் வாய் சும்மா இருக்கவில்லை.

இந்த வாயால்தானே கெட்டேன். நம்மூர் மாத இதழில் நான் எழுதும் நகைச்சுவைப் பக்கத்தில், ‘என் தங்கை பெங்களூரில் உட்கார்ந்து காற்றைப் படம் எடுக்கிறாள், அடுத்து கருவாட்டு வாசனையை எடுப்பாள்’ என்று எழுதிவைத்தேன். நீ போன் செய்தாய்.

“அண்ணே, அது நம்ம ஊர்க் காத்து இல்ல. சூரியன்ல இருந்து வார காத்து. விண்கலத்துல இருக்க கேமரா அதத்தான் பாக்கு. அடுத்த மாசம் திருத்தம் போடு.”

“சரி தாயி, போடுதேன்” என்றேன். போடவில்லை. திருத்தத்துக்கு யார் சிரிப்பார்கள் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு இதழையும் பிரித்துத் தேடினாயா? அதற்குள் மூன்றே நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பூசைக்கு உன்னோடு வேலை பார்த்த சுமதி வந்திருந்தாள். நீ கடைசியாகச் செய்துவைத்த படங்களை லேப்டாப்பில் அம்மாவுக்கு ஓட்டிக் காட்டினாள்.

“நடுவுல கருப்பா வட்டம் கெடக்கே தாயி, மிஷின் கெட்டுப் போச்சா?”

“இல்லம்மா. சூரியன ஒரு தகடு வச்சு மறைச்சாத்தான் சுத்தி இருக்கிறது தெரியும். அதுலயும் அசையாத வெளிச்சத்த எல்லாம் ஒவ்வொரு படத்துலயும் கழிக்கணும். மிஞ்சி நகர்றதுதான் காத்து. அத ஜெசிந்தா மாதிரி பொறுமையா யாரும் செஞ்சதில்ல.”

சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று விரிந்து விரிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அம்மா கண்ணெடுக்கவில்லை.

“வெயிலு கூசயில நாங்களும் கைய வச்சு மறச்சுக்கிட்டுதான் கடல்ல வள்ளம் வருதான்னு பாப்போம்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீ எழுதுனதக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சேம்லே. அவ சிரிச்சாளா?”



ஜெசி, இந்த மாதம் என் பக்கம் முழுவதும் திருத்தம்தான். நீ பார்த்தது எந்தக் காற்று, எதையெல்லாம் கழித்துவிட்டு அதைக் கண்டாய் என்று எழுதுவேன். சுமதி சரிபார்ப்பாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, ‘எம்மவ செஞ்சது வெளங்குது’ என்று அவள் சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும். யாரும் சிரிக்க வேண்டாம்.

நீ கேட்டபோது செய்யாத உன் அண்ணன்,
சேவியர்