இடது மூலையில் நிற்கும் வாகனம்

மரியே வாழ்க!

லண்டன்,
ஜனவரி 25

அன்பும் மரியாதையும் உள்ள மெற்றில்டா மச்சாளுக்கு, உங்கள் தம்பி எட்வேட்டின் மனைவி அஜித்தா எழுதிக்கொள்வது.

அடக்கம் முடிந்து நான்கு நாளாகிறது. நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன் இது மன்னாருக்கு வந்து சேர வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். கோபத்தில் பாதியில் கிழித்துப் போடாதீர்கள். முழுக்க வாசித்துவிட்டுக் கிழித்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இருபது தரமாவது கேட்டிருப்பேன். அடக்கத்தை வீடியோவில் நேரலையாகப் பார்த்திருக்கிறீர்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே கோயிலுக்குக் கொண்டுபோனதைக் கண்டுவிட்டு, அவ்வளவு பெரிய வீட்டை வைச்சுக்கொண்டு என்ர தம்பியை ஒரு மணித்தியாலம் கிடத்த உனக்கு இடமில்லாமல் போச்சோ என்று கேட்டீர்கள்.

ஓம் மச்சாள். இடமில்லாமல்தான் போனது.

நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் அனுப்பிய படத்தில் நீங்கள் பார்த்துச் சந்தோசப்பட்ட அந்த வீடு எங்களுடையது அல்ல. அது நிர்மலனின் வீடு. எங்கள் கோயிலுக்கு வாறவர், இவருக்கு நல்ல சிநேகிதர். திரைச்சீலை வடிவாயிருக்கு என்று சொன்னீர்களே, அது அவருடைய மனைவி பெனிற்றா தைத்தது. நாங்கள் இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் போன வருசம் விற்றுவிட்டார். வேறு வீடு எடுக்க எங்களால் ஏலவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவர்கள், ஆரோக்கியமான இரண்டு பேர், கவுன்சில் வீட்டுக்கான வரிசையில் நாங்கள் எங்கேயோ கடைசியில். இவர் ஒரு பழைய மோட்டர்ஹோமை வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலும் அடுப்பும் உள்ளுக்குள் இருக்கும் பெரிய வாகனம் அது. மார்ச் மாதம் தொடக்கம் கோலியர்ஸ் வுட்டில் பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் அதற்குள்தான் இருந்தோம்.

உங்கள் தம்பியைத் தெரியும்தானே, எதிலும் பகிடி. பக்கத்து வீட்டுக்காரன் சரியில்லையென்றால் வீட்டையே தள்ளி விடலாம், இப்படி வசதி ஆருக்கு வரும் என்பார். கோடையில் எனக்கும் அது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை. ஆனால் அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, மனுசி சாப்பிடாமல் கிடக்கும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நத்தார்ப் படம் எடுக்கும் யோசனை என்னுடையது. அதையும் ஒளிக்க விருப்பமில்லை.

புது வருசத்தோடு குளிர் இறங்கியது. தண்ணீர்க் குழாய் உறைந்து போனது. ஜன்னலின் உட்பக்கத்தில் ஐஸ் பிடித்தது. போர்வை சுவரில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கிழிகிற சத்தம் வந்தது. ஹீற்றருக்கு நாங்கள் வாங்கிய காஸ் அந்தக் குளிரில் எரியாது என்பது எங்களுக்குத் தெரியாது. வேறு நிறச் சிலிண்டர் வாங்கியிருக்க வேண்டுமாம். அதை மூன்றாம் நாள்தான் ஒருவர் சொன்னார். அதற்குள் இவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நிர்மலன் வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சினேன். படம் எடுக்கப் போனதே போதும், இனி அங்கே போய்ப் படுக்கவும் வேணுமோ என்று மறுத்தார். நான் சண்டை பிடித்தாவது கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் மச்சாள். சுடுதண்ணீர்ப் பையை நெஞ்சில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. அம்புலன்ஸ்காரர் வீட்டு இலக்கம் கேட்டார்கள். என்னிடம் இலக்கம் இல்லை. எதிரே பச்சைக் கேற் இருக்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் வந்தார்கள், நன்றாகத்தான் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். கடைசியாகக் கேட்டது, வாகனத்தைப் பூட்டினியா என்று.

பெட்டியை வாகனத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று அடக்க வேலை பார்க்கும் மலர்ச்சாலைக்காரரிடம் கேட்டேன். பாவம், அந்த வெள்ளைக்காரர் மறுக்காமல் அளவுநாடாவோடு வந்தார். கதவை அளந்தார், உள்ளே திரும்பும் இடத்தை அளந்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏலாது என்றார். பெனிற்றா தங்கள் வீட்டில் வைக்கச் சொன்னா. உயிரோடு போய்ப் படுக்க மறுத்த வீட்டில் அவரைக் கிடத்த எனக்கு மனம் வரவில்லை.

அவர் வீட்டுக்கு வர ஏலாதென்றால் வீடு அவரிடம் போகட்டும் என்று முடிவெடுத்தேன். அடக்கத்தன்று பற்றரி செத்துக் கிடந்தது. நிர்மலன் தன் காரிலிருந்து வயர் கொடுத்து, முன் கண்ணாடியில் இருந்த ஐஸைச் சுரண்டி, ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டித்தான் கிளப்பினார். நான் பக்கத்து சீற்றில் இருந்தேன். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பின்னால் உருண்டு கொட்டுண்டது. கோயில் கார்பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தினோம். பெட்டி வந்த கார் எங்கள் வாசற்படியோடு அணைத்து நின்றது. கதவைத் திறந்துவைத்து, மேசையில் மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையில் ஒரு பத்துமணி சொன்னோம். அவருடைய செருப்பு படியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகுதான் கோயிலுக்குள் தூக்கினார்கள். நேரலை கோயில் வாசலில்தான் தொடங்கியது, அதனால் நீங்கள் இதைக் காணவில்லை.

ஆனால் அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. தயவுசெய்து இன்னொரு தரம் முதலிலிருந்து பாருங்கள். காமராக்காரர் காமராவைச் சரிபார்க்கத் திருப்பும்போது, இடது மூலையில் பழுப்புக் கோடு போட்ட ஒரு பெரிய வாகனம் நிற்கும். கதவு திறந்திருக்கும். உள்ளே சின்ன வெளிச்சம் தெரியும். அதுதான் மச்சாள் உங்கள் தம்பியின் வீடு. அங்கிருந்துதான் அவரை அனுப்பினேன்.

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். பெனிற்றா ஒரு அறை தந்திருக்கிறா, கடித உறையில் இருப்பது அவவின் விலாசம். இந்தக் கடிதத்தை மட்டும் இங்கே, வாகனத்துக்குள் வந்திருந்து எழுதுகிறேன். பேனா இறுகிப் போகிறது, இடைக்கிடை கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குகிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசையில் அவருடைய பெயரைச் சொல்லும்போது என்னையும் ஒருக்கால் நினைத்துச் செபியுங்கள். வீடியோவைப் பார்த்த பிறகு, மனம் வந்தால், போனை எடுங்கள். நீங்கள் ஒன்றும் கதைக்க வேண்டியதில்லை. மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் தம்பி வீட்டிலிருந்து,
அஜித்தா